கொட்டகையில் இருப்பு வைத்த மக்காச்சோளம்: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கும் வழிமுறை

பெரம்பலூர், அரியலூர், சேலம், திண்டுக்கல், விருதுநகர், தூத்துக்குடி மாவட்டங்களின் மானாவாரி நிலங்களில் புரட்டாசிப் பட்டத்தில் விதைத்த மக்காச்சோளம் தை, மாசியில் வீடு வந்து சேருகிறது. சுற்றுவட்டாரம் முழுவதும் ஒரே நேரத்தில் அறுவடை நடப்பதால் விலை இறங்கிவிடும். கதிரடிக்கும் இயந்திரத்துக்கும் லாரிக்கும் முறை வைத்துக் காத்திருக்க வேண்டும். இந்தக் காத்திருப்புக் காலத்தில், இரண்டு வாரம் முதல் இரண்டு மாதம் வரை, மக்காச்சோளம் மாட்டுக் கொட்டகையிலோ டிராக்டர் நிறுத்தும் தகரக் கொட்டகையிலோ கிடக்கிறது. கொஞ்ச நாள்தானே என்று நினைத்து விட்டுவிடுகிற இந்த இடைக்காலத்தில்தான் பெரும்பாலான சேதம் நடக்கிறது. ஆண்டுக்கணக்கில் சேமிப்பவர் காட்டும் அக்கறையில் பாதியை இரண்டு மாதத்துக்குக் காட்டினால் அந்தச் சேதத்தில் பெரும்பகுதியைத் தவிர்த்துவிடலாம் என்பது என் உறுதியான கருத்து.

கொட்டகையில் ஒரே அறிகுறிக்குப் பல காரணங்கள் இருக்கக்கூடும். மேல் பரப்பு நனைந்திருந்தால் கூரை ஒழுகியிருக்கலாம். ஒரு சொட்டு மழையும் இல்லாமல் பனியாலும் நனைந்திருக்கலாம். முன்னதற்குத் தார்ப்பாய் மருந்து. பின்னதற்கு அதே தார்ப்பாய் நோயைப் பெரிதாக்கும். ஆகவே எதையும் கிளறுவதற்கு முன்னால், எங்கே, எந்த நேரத்தில், எவ்வளவு ஆழத்தில் என்ற மூன்றையும் பார்த்துக்கொள்வது அவசியம்.

முதலில் செய்ய வேண்டிய சோதனைகள்

மாயிச்சர் மீட்டர் கையில் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் உப்புச் சோதனை போதுமான அளவுக்குக் கைகொடுக்கும். நன்கு உலர்ந்த கண்ணாடிப் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மணியைப் போட்டு, வெயிலில் காயவைத்த தூள் உப்பு இரண்டு மூன்று தேக்கரண்டி சேர்த்து மூடி, ஒரு நிமிடம் நன்றாகக் குலுக்கிவிட்டுக் கால் மணி நேரம் அப்படியே வைக்க வேண்டும். உப்பு கண்ணாடிச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தால் மணியின் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது என்று பொருள். உதிர்ந்து கீழே விழுந்தால் 15-க்குள் இருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும். 13-க்கு இறங்கிவிட்டதா என்பதை இந்தச் சோதனை சொல்லாது. ஓரிரு வாரத்தில் விற்கப் போகிறவருக்கு 14 சதவீதம் போதும். அதற்கு மேல் வைத்திருக்க நினைப்பவர் 12 முதல் 13 வரை இறக்கியாக வேண்டும்.

சூட்டைப் பார்க்க ஒரு கட்டுமானக் கம்பி போதும். ஐந்தடி நீளக் கம்பியை அம்பாரத்தின், அதாவது மணிக் குவியலின், நடுவில் அடிவரை செருகி, கால் மணி நேரம் கழித்து உருவி, நுனியிலிருந்து பிடிவரை உள்ளங்கையால் தடவிக்கொண்டே வந்தால் எந்த ஆழத்தில் சூடு தொடங்குகிறது என்பது விரல் அகலத் துல்லியத்துடன் தெரிந்துவிடும். கம்பியின் நுனியில் மாவு போன்ற பிசுக்கு ஒட்டியிருந்தால் அந்த ஆழத்தில் மணி நைந்துகொண்டிருக்கிறது. உருவியவுடன் நுனியை மோந்து பார்ப்பதும் நல்லது. புளித்த வாடை, பூசண வாடை இரண்டும் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே மூக்குக்குத் தெரிந்துவிடும்.

அறிகுறி: அம்பாரத்துக்குள் கைவிட்டால் சூடாக இருக்கிறது

உலர்ந்த மணியும் உயிருள்ளதுதான். மிக மெதுவாக மூச்சுவிட்டுக்கொண்டிருக்கும். ஈரம் கூடக்கூட அந்த மூச்சு வேகமாகிறது, உடன் இருக்கும் பூசணமும் மூச்சுவிடத் தொடங்குகிறது, இரண்டும் சேர்ந்து சூட்டையும் நீராவியையும் வெளியிடுகின்றன, அந்த நீராவி பக்கத்து மணியை நனைக்கிறது. தொடங்கிவிட்டால் இந்தச் சுழற்சி தானாக நிற்காது. 27 டிகிரி வெப்பநிலையில் 24 சதவீத ஈரத்துடன் குவித்த மணி ஒரு வாரம் தாங்குவதே அரிது. 18 சதவீதமாக இருந்தால் ஏறத்தாழ மூன்று வாரம் தாங்கும். அறுவடையின்போது மணியில் 20 முதல் 25 சதவீதம் ஈரம் இருப்பது இயல்பு என்பதால், அடித்த அன்றே குவித்து மூடிவைத்தவருக்கு நாள்கள் மிகக் குறைவு.

கம்பியை ஒரே இடத்தில் செருகி முடிவு கட்டிவிடக்கூடாது. ஐந்தாறு இடங்களில் பார்த்து, எல்லா இடத்திலும் நடு ஆழத்தில் சூடு இருந்தால் மொத்தமும் ஈரமாக இருக்கிறது என்று கொள்ளலாம். ஒரே இடத்தில் மட்டும் சூடு இருந்தால், அந்த இடத்தின் வரலாற்றைப் பார்க்க வேண்டும். கதிரடிக்கும் இயந்திரத்தின் வாய் நேராகக் கொட்டிய இடமாக இருந்தால், உடைசல், சருகு, தூசி எல்லாம் அங்கேயே நடுவில் தங்கிக் காற்றுப் போக வழியில்லாமல் அடைத்திருக்கும். முழு மணி உருண்டு ஓரத்துக்குப் போய்விடும். அப்படி இல்லையெனில் அந்த இடத்துக்கு மேலே கூரையைப் பார்க்க வேண்டும். கூரையும் சரியாக இருந்து, மணி உலர்ந்தும் இருந்தால், வண்டு கூட்டமாகச் சேர்ந்த இடமாக இருக்கக்கூடும். மேற்குச் சுவரை ஒட்டி மட்டும், மாலையில் மட்டும் சூடு தெரிந்தால் அது வெயில் ஏறிய சுவரின் சூடு. அதிகாலையில் மறுபடி பார்த்தால் இருக்காது.

மொத்தமும் சூடேறியிருந்தால் அன்றைக்கே கலைத்துப் பரப்ப வேண்டும். மண்வெட்டியால் அம்பாரத்தை அங்கேயே புரட்டிவிட்டுத் திரும்பக் குவிப்பதில் சூடு ஓரிரு நாள் தணியும். ஈரம் போகாது, மீண்டும் சூடேறும். களத்தில் தார்ப்பாய் விரித்து இரண்டு அங்குலத்துக்கு மேல் தடிமன் இல்லாமல் பரப்பி, மணிக்கொரு தரம் காலால் சால் போட்டுக் கிளறிவிட்டால் தை மாத வெயிலில் நாளுக்கு நாள் ஈரம் இறங்குவதைக் காணலாம். மாலை ஐந்து மணிக்குள், பனி இறங்குமுன், வாரிவிட வேண்டும். தார்ச்சாலையில் காயவைக்கும் பழக்கத்தை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். இரவில் அந்தக் குவியல்களில் மோதி விபத்துகள் நடப்பது ஒருபுறம். வண்டிச் சக்கரம் ஏறி விரிசல் விட்ட மணியில் வண்டும் பூசணமும் முழு மணியைவிட மிக எளிதாக நுழைகின்றன என்பது மறுபுறம்.

காயவைத்த மணியைச் சூட்டோடு மூட்டை கட்டுவதும் கூடாது. வெயிலிலிருந்து வாரிய மணியை நிழலில் ஒரு மணி நேரமாவது பரப்பி ஆறவிட்ட பிறகே சாக்கில் பிடிக்க வேண்டும். சூடான மணியைப் பிளாஸ்டிக் சாக்கில் அடைத்துக் குளிர்ந்த இரவில் ஒன்றன்மேல் ஒன்றாக அட்டி போட்டால், சாக்கின் உட்புறம் வேர்த்து, ஓரத்து மணி மட்டும் நனைந்து பூசணம் பிடிக்கும். மூட்டையைப் பிரித்தால் நடு மணி நன்றாகவும் சாக்கை ஒட்டிய மணி மட்டும் கறுத்தும் இருப்பது இந்தத் தவற்றின் தெளிவான அடையாளம்.

2021 ஜனவரியில் பருவம் தவறிப் பெய்ததுபோல அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டால் களம் உதவாது. அப்போது கொட்டகைத் தரையிலேயே நான்கைந்து அங்குலத் தடிமனில் பரப்பி மின்விசிறி வைத்து ஓட்டலாம். உலராவிட்டாலும் சூடேறாமல் நாள்களைக் கடத்த அது உதவும். ஆனால் காற்றின் ஈரப்பதம் 70 சதவீதம் இருக்கையில் மணி 13 முதல் 14 சதவீதத்தில் நிலைகொள்ளும் என்பதையும், 90 சதவீதம் இருக்கையில் அதே மணி 18-ஐ ஒட்டி ஏறிவிடும் என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும். ஏற்கெனவே உலர்ந்த இருப்பு உள்ள கொட்டகையின் கதவை மழைநாளிலும் இரவிலும் காற்றோட்டத்துக்காகத் திறந்துபோடுவது, காயவைத்த உழைப்பைக் காற்றுக்குத் திருப்பிக் கொடுப்பதாகும். வெயில் அடிக்கும் நாளில் காலை பத்து மணியிலிருந்து மாலை நான்கு மணிவரை திறப்பதே சரி.

அறிகுறி: மேல் பரப்பு மட்டும் நனைந்து கட்டி பிடித்திருக்கிறது, அல்லது முளை விட்டிருக்கிறது

தகரக் கூரை கொட்டகைகளில் மார்கழி, தை மாதங்களில் அடிக்கடி காணும் பழுது இது. தெளிந்த வானமுள்ள இரவில் தகரம் சூழ்ந்துள்ள காற்றைவிடவும் குளிர்ந்துவிடுகிறது. அம்பாரத்திலிருந்து வெதுவெதுப்பாக மேலெழும் ஈரக் காற்று அதில் பட்டு நீராகிறது. விடியற்காலை ஐந்து மணிக்கு டார்ச் விளக்குடன் போய்க் கூரையின் அடிப்பக்கத்தைப் பார்த்தால், தகரத்தின் ஒவ்வொரு மடிப்பின் தாழ்ந்த விளிம்பிலும் வரிசையாக நீர்முத்துகள் தொங்குவதைக் காணலாம். ஒன்று பக்கத்ததோடு சேர்ந்து கனத்து, சரிவில் வழுக்கி வந்து, குறுக்குச் சட்டத்தில் தட்டிச் சொட்டும். அதனால் அம்பாரத்தின் மேலும் சட்டத்துக்கு நேர் கீழே கோடு கோடாக ஈரம் படிந்திருக்கும். பத்து மணிக்குப் போய்ப் பார்ப்பவருக்குக் கூரை உலர்ந்திருக்கும், காரணம் பிடிபடாது.

ஒழுகலின் அடையாளம் வேறு. அது மழைக்குப் பின் மட்டும் வரும். ஆணித் துளைக்கோ தகரம் ஒன்றன்மேல் ஒன்று படியும் இடத்துக்கோ நேர் கீழே ஒரே இடத்தில் ஆழமாக இறங்கியிருக்கும். முளை விட்டிருந்தால் பெரும்பாலும் ஒழுகல்தான் காரணம். மக்காச்சோள மணி முளைக்கத் தன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நீரை உறிஞ்ச வேண்டும், அவ்வளவு நீரைக் கூரைப் பனி கொடுப்பது அரிது.

கூரை வேர்ப்பதுதான் காரணம் என்றால், கூரையின் உச்சியில் வெப்பக் காற்று வெளியேற வழி செய்ய வேண்டும். இரு பக்கச் சுவர்களின் முக்கோண மேற்பகுதியில் வலையடித்த திறப்பு இருந்தாலே பெரிய மாற்றம் தெரியும். தகரத்தின் அடியில் தென்னங்கீற்றுத் தட்டி கட்டுவது நம் ஊர்களில் கைக்கெட்டிய, செலவு குறைந்த தீர்வு. அது தகரத்தின் குளிரை அம்பாரக் காற்றிலிருந்து பிரித்துவிடும். தற்காலிகமாக, அம்பாரத்தின் மேல் உலர்ந்த சணல் சாக்குகளை இரண்டு அடுக்கு விரித்து, காலையில் எடுத்து வெயிலில் போட்டு, மாலையில் திரும்ப விரிக்கலாம். பிளாஸ்டிக் தார்ப்பாயை மணியின்மேல் நேரடியாகப் போர்த்துவது மட்டும் வேண்டவே வேண்டாம். கூரையில் நடந்த அதே வேர்ப்பு தார்ப்பாயின் அடியில், மணிக்கு ஒட்டினாற்போல் நடக்கும். ஒழுகலுக்காகத் தார்ப்பாய் கட்ட வேண்டியிருந்தால் மூங்கில் நட்டு, மணிக்கும் தார்ப்பாய்க்கும் இடையே இரண்டடியாவது இடைவெளி விட்டுக் கட்ட வேண்டும்.

கட்டி பிடித்த மேல் அடுக்கைக் கலைப்பதில் ஒரு வரிசை உண்டு. முதலில் கட்டியை முறத்தால் அப்படியே வாரி வெளியே எடுத்துவிட வேண்டும். அதன் பிறகே அடியில் உள்ளதைக் கிளற வேண்டும். கெட்டதை நல்லதோடு கலந்து சராசரியாக்கிவிடலாம் என்று நினைப்பது, ஒரு கூடைப் பூசணத்தை அம்பாரம் முழுவதும் விதைப்பதாகவே முடியும்.

அறிகுறி: அடி மூட்டைகள் மட்டும் ஈரமாகின்றன

தரை நீரை உறிஞ்சி மேலே அனுப்புகிறது. சிமெண்டுத் தரை காய்ந்து தெரிந்தாலும் இது நடக்கும். ஒரு முழச் சதுரப் பாலித்தீன் தாளைத் தரையில் விரித்து நான்கு ஓரமும் ஒட்டி, ஓரிரவு கழித்துத் தூக்கிப் பார்த்தால், அடியில் நீர் பூத்திருந்தால் சந்தேகம் தீர்ந்தது. மரச்சட்டம் அல்லது மூங்கில் அடுக்கி, தரையிலிருந்து அரையடி உயர்த்தி மூட்டையை வைப்பதுதான் தீர்வு. சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி அட்டி போட வேண்டும். சுவரும் ஈரம் கடத்தும், எலியைப் பார்க்கவும் ஆள் புகவும் இடம் வேண்டும். பாலித்தீன் தாளை மட்டும் விரித்து அதன்மேல் நேராக மூட்டையை வைத்தால் மூட்டையின் ஈரம் தாளில் தேங்கி அடிச்சாக்கு அழுகும். தாளின்மேல் உலர்ந்த வைக்கோலோ உமியோ ஒரு கைப்பிடித் தடிமனில் பரப்பியாக வேண்டும்.

அறிகுறி: பூசண வாடை, மணியில் நிறமாற்றம்

வேறு எந்தப் பழுதிலும் இல்லாத அபாயம் இதில் இருக்கிறது. முளையத்தின் மேல், தோலுக்கு அடியில் நீலப்பச்சையாகத் தெரிந்தால் அது பெரும்பாலும் பெனிசிலியம். வெள்ளையும் இளஞ்சிவப்பும் கலந்து பஞ்சுபோல் இருந்தால் வயலிலேயே தொற்றிய பியூசேரியம். மஞ்சள் கலந்த பச்சையாக, தொட்டால் தூள் பறப்பதாக இருந்தால் ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்று சந்தேகிக்க வேண்டும். அஃப்ளடாக்சின் என்ற நஞ்சைச் சுரப்பது அதுவே. கண்ணால் பார்த்து நஞ்சு இருக்கிறது, இல்லை என்று தீர்ப்புச் சொல்ல முடியாது. பூசணம் உதிர்ந்து மணி பளபளப்பாகத் தெரியும்போதும் நஞ்சு உள்ளே இருக்கக்கூடும்.

1974-ஆம் ஆண்டின் இறுதியில் ராஜஸ்தான், குஜராத் எல்லைப் பகுதியின் பழங்குடிக் கிராமங்களில் மஞ்சள் காமாலை போன்ற நோய் பரவி, பாதிக்கப்பட்ட 397 பேரில் 106 பேர் இறந்தார்கள். மழையில் நனைந்து, சரியாகக் காயவைக்கப்படாமல் வீட்டில் சேமிக்கப்பட்டிருந்த மக்காச்சோளத்தின் அஃப்ளடாக்சின்தான் அதற்குக் காரணம் என்று கண்டறியப்பட்டது. பக்கத்தில் உள்ள நாய்களும் அதே உணவைத் தின்று செத்தன. நம் வட்டாரத்தில் மக்காச்சோளம் பெரும்பாலும் தீவனத்துக்கே போகிறது என்றாலும், அந்த நஞ்சின் கொடுமை சங்கிலியாகத் திரும்பி வருகிறது: மிகக் குறைந்த அளவு நஞ்சுக்கே கோழிக்குஞ்சும் வாத்தும் பாதிக்கப்படும், கறவை மாடு தின்றால் நஞ்சின் ஒரு பகுதி வேறு வடிவத்தில் பாலில் இறங்கும். விற்க முடியாத பூசண மக்காச்சோளத்தைத் தன் வீட்டு மாட்டுக்கு அரைத்துப் போடுகிறவர், அந்த நஞ்சைத் தன் வீட்டுப் பிள்ளையின் டம்ளருக்கே கொண்டுபோகிறார்.

வெயிலில் காயவைத்தால் பூசணம் வளர்வது நிற்கும், சுரந்த நஞ்சு போகாது. வறுத்தாலும் வேகவைத்தாலும் முழுதாக அழியாது. இந்தியாவில் மனித உணவுக்கான தானியத்தில் ஒரு கிலோவுக்கு 15 மைக்ரோகிராமும் கோழித்தீவனத்தில் 20 மைக்ரோகிராமும் உச்ச வரம்பு. அதை ஆய்வகம்தான் சொல்ல முடியும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனப் பகுப்பாய்வு ஆய்வகம் இருக்கிறது. மாதிரி எடுக்கும்போது ஒரே இடத்தில் ஒரு கிலோ அள்ளிப் பயனில்லை. நஞ்சு எல்லா மணியிலும் சமமாகப் பரவியிருக்காது. சில மணிகளில் மட்டும் மிகச் செறிவாக இருக்கும். இருபது முப்பது இடங்களில் கைப்பிடி கைப்பிடியாக எடுத்து, நன்றாகக் கலந்து, அதிலிருந்து மாதிரி பிரித்து, காகிதப் பையிலோ துணிப்பையிலோ அனுப்ப வேண்டும். ஈரமான மணியைப் பிளாஸ்டிக் பையில் அனுப்பினால் வழியிலேயே பூசணம் வளரும்.

கொட்டகைக்குள் வருவதற்கு முன்பே தடுக்கக்கூடிய ஒரு வழியும் உண்டு. 2018-இல் நம் நாட்டுக்குள் நுழைந்த அமெரிக்கப் படைப்புழு கதிரின் நுனியைக் குடைந்துவிடுகிறது. குடைந்த இடத்தில்தான் பூசணம் முதலில் குடியேறுகிறது. கதிரடிக்குமுன் அப்படிப்பட்ட கதிர்களையும் நுனி கறுத்த கதிர்களையும் பொறுக்கித் தனியே போட்டால், அன்றைக்கு இரண்டு ஆள் கூலி கூடும். மொத்த இருப்பும் தீவன ஆலையின் வாசலில் திருப்பப்படாமல் இருக்க அந்தக் கூலி அதிகமில்லை. பூசண மணியைக் கிளறும்போது மூக்கையும் வாயையும் நல்ல முகக்கவசத்தால் மூட வேண்டும். ஆஸ்துமா உள்ளவர் அந்த வேலைக்குப் போகவே கூடாது.

அறிகுறி: மணியில் ஓட்டை, தரையில் மாவு, கொட்டகையில் சிறு அந்துகள்

ஓட்டையின் வடிவத்தைப் பார்க்க வேண்டும். ஓரம் பிசிறடித்த சிறு ஓட்டையும், மூக்கு நீண்ட கரும்பழுப்பு வண்டும் இருந்தால் கூன்வண்டு. ஓட்டை வட்டமாக, மெல்லிய தோல் மூடியுடன் இருந்து, வைக்கோல் நிற அந்துகள் மாலையில் பறந்தால் நெல் அந்துப்பூச்சி. இது அம்பாரத்தின் மேல் சில அங்குலங்களையும் கதிராக வைத்த இருப்பையும்தான் அதிகம் தாக்கும். மணியில் ஓட்டை இல்லாமல், செம்பழுப்பு நிறத் தட்டை வண்டுகள் மாவில் ஊர்ந்தால் மாவு வண்டு. முழு மணியை அது தொடங்கிவைப்பதில்லை, உடைசல் அதிகம் என்பதையே அது தெரிவிக்கிறது. சல்லடையில் உடைசலை நீக்கினாலே அது பெரும்பாலும் குறைந்துவிடும்.

கூன்வண்டும் அந்தும் மணிக்கு உள்ளேயே வளர்கின்றன. முட்டையிலிருந்து வண்டாக வெளியே வர நம் வெப்பநிலையில் ஏறத்தாழ ஐந்து வாரம் ஆகும். ஆகவே நான்கு வாரம் வரை சுத்தமாகத் தெரிந்த இருப்பில் திடீரென்று வண்டு மொய்ப்பதாகத் தோன்றினால், அது அன்றைக்கு வந்ததல்ல. வயலிலோ பழைய சாக்கிலோ கொட்டகை மூலையில் கிடந்த போன ஆண்டுச் சோளத்திலோ இருந்து முதல் வாரமே வந்தது. பழைய சாக்குகளைக் கொதிநீரில் அமிழ்த்தி வெயிலில் காயவைப்பதும், மூலை முடுக்கெல்லாம் கூட்டி அந்தக் குப்பையைக் கொளுத்துவதும், மூட்டை இறக்குவதற்கு முன் செய்ய வேண்டியவை.

வண்டு குறைவாக இருக்கும்போதே கண்டுபிடிக்கத் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய துளைக்குழாய்ப் பூச்சிப்பொறி மிகவும் பயன்படும். மணிக்குள் செருகிவைத்தால், காற்றைத் தேடி நகரும் வண்டு குழாயின் துளை வழியே விழுந்து அடியில் சிக்கிக்கொள்ளும். வாரத்துக்கொரு முறை எடுத்துப் பார்த்து எண்ணிக்கை கூடுகிறதா என்று கவனித்தால் போதும். கூடினால், கடும் வெயிலில் கறுப்புத் தார்ப்பாயில் மெல்லிதாகப் பரப்ப வேண்டும். மணியின் சூடு 50 டிகிரியைத் தாண்டினால் வண்டு ஓடும், உள்ளிருக்கும் புழு மடியும். பிறகு சலித்து, ஆறவைத்து, சுத்தமான சாக்கில் பிடிக்கலாம். காய்ந்த வேப்பிலையும் நொச்சியிலையும் புதிதாக வரும் பூச்சியை ஓரளவு தடுக்கும். உள்ளே வளரும் புழுவை அவை கொல்லா.

அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. அதிலிருந்து வரும் பாஸ்பீன் வாயு ஆளைக் கொல்லும். மாற்று மருந்து கிடையாது. காற்றுப் புகாமல் மூட முடியாத கொட்டகையில் அது வண்டையும் முழுதாகக் கொல்லாது, பக்கத்து அறையில் தூங்குகிறவரை விட்டுவைக்கவும் செய்யாது. அனுமதி பெற்ற, பயிற்சி உள்ள ஆள்களைக் கொண்டுதான் புகைமூட்டம் போட வேண்டும். வீட்டை ஒட்டிய கொட்டகையில் அதை நினைக்கவே கூடாது.

அறிகுறி: சாக்கு கிழிந்திருக்கிறது, மணி சிந்திக் கிடக்கிறது

எலி வந்த வழியைத் தரை சொல்லும். சுவரோரம் புதுமண் குவிந்திருந்தால் வளை தோண்டும் எலி. அடி மூட்டைகள் கிழியும். மேல் மூட்டைகள் கிழிந்து, சட்டத்தில் எண்ணெய்ப் பிசுக்குத் தடம் இருந்தால் கூரை வழியாக வரும் எலி. முதலாவதற்கு வளையை அடைத்துச் சுவரோரத்தைக் கெட்டிப்படுத்த வேண்டும். இரண்டாவதற்குக் கூரையைத் தொடும் மரக்கிளையை வெட்டி, கூரை இடுக்கை அரை அங்குலத்துக்கும் சிறிய கண்ணுள்ள கம்பி வலையால் மூட வேண்டும். ஓர் எலி நாளுக்கு இருபது, இருபத்தைந்து கிராம்தான் தின்னும். அதைவிடப் பல மடங்கு மூத்திரத்தாலும் புழுக்கையாலும் விற்க முடியாததாகிவிடும். இருப்பு உள்ள கொட்டகைக்குள் விஷ உணவு வைப்பதை நான் எதிர்க்கிறேன், ஏனெனில் விஷம் கலந்த மணியை எலியே இழுத்து நல்ல மணிக்குள் போட்டுவிடும். பொறியும் பூனையும் போதும். எலி மூத்திரம் பட்ட மணியை வாரும்போது காலிலும் கையிலும் புண் இருந்தால் எலிக்காய்ச்சல் தொற்றும் அபாயம் உண்டு; செருப்பும் கையுறையும் அணிந்தே வார வேண்டும்.

அறிகுறி: சுவரில் விரிசல், அட்டி சாய்கிறது

உதிரி மணி சுவரை நீர்போலவே பக்கவாட்டில் தள்ளும், நீரைவிடக் குறைவாகத் தள்ளினாலும். ஒரு கன மீட்டர் மக்காச்சோளம் சுமார் 720 கிலோ எடை கொண்டது. ஆறரை அடி உயரத்துக்குச் சாய்த்துக் குவித்தால் ஒவ்வொரு மீட்டர் நீளச் சுவரின் மேலும் அரை டன்னுக்கு மேற்பட்ட தள்ளுவிசை விழுகிறது. மாட்டுக் கொட்டகையின் ஒற்றைக்கல் சுவர் இதற்காகக் கட்டப்பட்டதில்லை. விரிசல் கண்டவுடன் சுவர்ப் பக்கம் நிற்காமல், எதிர்ப்பக்கத்திலிருந்து வாரிக் குவியலின் உயரத்தைக் குறைக்க வேண்டும். மூட்டை அட்டி சாய்ந்தால், ஒவ்வொரு வரிசையையும் முந்திய வரிசைக்குக் குறுக்காக அடுக்காததும், அடி மூட்டை நனைந்து அமுங்கியதும் வழக்கமான காரணங்கள்.

அறிகுறி: கதிராக வைத்தோம், மேலே காய்ந்தது, அடித்தால் ஈரம்

மணியைப் பல்லால் கடித்துப் பார்த்து முடிவு செய்வதால் வரும் குழப்பம் இது. அறுவடையின்போது சக்கை, அதாவது மணி பதிந்திருக்கும் நடுத்தண்டு, மணியைவிட ஈரமாக இருக்கும். மணி காயக்காயச் சக்கையின் ஈரம் மணிக்கு நகர்ந்துகொண்டே இருக்கும். நான்கு கதிரை எடுத்துச் சக்கையைக் குறுக்கே ஒடித்துப் பார்க்க வேண்டும். ‘மளுக்’ என்று ஒடிந்தால் அடிக்கலாம். வளைந்து நார் நாராகப் பிரிந்தால் இன்னும் நாளாகும். 20 சதவீதத்துக்கு மேல் ஈரமுள்ள கதிரை இயந்திரத்தில் விட்டால் மணி நசுங்கும், உடைசல் கூடும்.

கதிரைத் தோகை உரித்துத்தான் வைக்க வேண்டும். மணியாக வைக்கத் தேவையான இடத்தைப்போல் இரண்டு மடங்கு இடம் வேண்டும் என்பதை முன்பே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். ஒரு மூலையில் ஆளுயரத்துக்குக் கொட்டுவதைவிட, மூங்கில் தட்டியாலோ கம்பி வலையாலோ இரண்டு மூன்றடி அகலத்தில் நீளமான பட்டறை அமைத்து, காற்று வீசும் திசைக்குக் குறுக்கே வைத்தால், கதிரின் ஊடாகக் காற்றுப் புகுந்து தானே உலர்த்தும். அகலம் கூடினால் நடுவில் உள்ளது காயாது.

அறிகுறி: எடை குறைகிறது, மண்டியில் ஈரம் வேறாகக் காட்டுகிறது

முதலில் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். 20 சதவீத ஈரத்தில் 100 கிலோ இருந்த மணியில் உலர்பொருள் 80 கிலோ. அது 14 சதவீதத்துக்கு இறங்கினால் 80-ஐ 0.86-ஆல் வகுக்க வேண்டும். 93 கிலோ வருகிறது. ஏழு கிலோ நீர் போயிருக்கிறது, யாரும் எடுக்கவில்லை. கணக்கில் வருவதைவிடக் குறைந்திருந்தால் மட்டுமே எலி, வண்டு, சிந்தல், தராசு என்று தேட வேண்டும். 2025-26-க்கு மத்திய அரசு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,400 ரூபாய். அந்தத் தரத்துக்கான ஈர வரம்பு 14 சதவீதம். வியாபாரி ஈரத்துக்காகக் கழிக்கும் தொகையை இந்த ஏழு கிலோவின் விலையோடும் காயவைக்கும் கூலியோடும் ஒப்பிட்டால், ஈரமாகவே விற்பதா, காயவைப்பதா என்பது தெரிந்துவிடும்.

கொட்டகையில் 13.5 காட்டிய மணி மண்டியில் 15 காட்டினால் மூன்று இடங்களில் தேடலாம். மீட்டரில் போட்ட மணி வெயில் சூட்டோடு இருந்திருக்கலாம். சூடான மணி பல மீட்டர்களில் தவறான அளவைக் காட்டும், ஆறவைத்தே போட வேண்டும். மேல் மூட்டையில் மட்டும் மாதிரி எடுத்திருக்கலாம். அல்லது இரவில் திறந்த லாரியில் பனியில் போயிருக்கலாம். ஏற்றுவதற்கு முன் மேல், நடு, அடி அட்டிகளிலிருந்து பத்து மூட்டைக்கு ஒரு மூட்டை வீதம் மாதிரி எடுத்து, ஒன்றாகக் கலந்து, மூன்று முறை அளந்து சராசரியை எழுதிவைத்து, அதே கலவையில் அரைக் கிலோவைக் காற்றுப் புகாத டப்பாவில் அடைத்து லாரியோடு கொண்டுபோக வேண்டும். மண்டியின் மீட்டரில் முதலில் அந்த டப்பா மணியை அளக்கச் சொன்னால், வேறுபாடு மீட்டரில் இருக்கிறதா, வழியில் ஏறிய ஈரமா என்பது அங்கேயே தெளிவாகும்.